ஆராயாமல் பதிந்த காப்புரிமையும் அதைக் காட்டி வரும் மிரட்டலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் காப்புரிமை வழக்குகள் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். சட்டம் ஒருவருக்கு ஓர் உரிமையைக் கொடுத்துவிட்ட பிறகு, அதை மீறியவர்மீது அவர் வழக்குத் தொடுப்பதில் நியாயம் அநியாயம் பேச எதுவும் இல்லை என்பதும், அறம் பேச வேண்டுமானால் சட்டம் இயற்றும் இடத்தில் பேச வேண்டுமே தவிர நீதிமன்ற வாசலில் அல்ல என்பதும் கட்டுரையாளரின் வாதம். கேட்பதற்கு நறுக்கென்று இருக்கிறது. ஆனால் அந்த உரிமையைக் கொடுத்தபோது யாரோ ஒருவர் ஆராய்ந்து பார்த்துத்தான் கொடுத்தார் என்ற நம்பிக்கையின் மேல் அந்த வாதம் நிற்கிறது. நாங்கள் வாழும் தென்னாப்பிரிக்காவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

நான் டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில், சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இருபது ஆண்டுகளாக மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன். என் மேசைமேல் கிடக்கும் வேறொரு கடிதம்தான் இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிரட்டலுக்கு ஆளானவன் எழுதுகிறான் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டே வாசகர்கள் இதைப் படிக்கலாம்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொண்டு மேலே போவது நல்லது. காப்புரிமை என்ற ஒரே சொல்லைப் பத்திரிகைகள் இரண்டு வேறு உரிமைகளுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றன. தங்கள் கட்டுரையிலும் ஓரிடத்தில் அந்த மயக்கம் இருந்தது. நான் எழுதிய நிரலின் வரிகளை வேறொருவர் படியெடுத்தால் அது பதிப்புரிமை மீறல். எழுதிய கணமே அந்த உரிமை எனக்கு உண்டு. யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. காப்புரிமை அதைவிடக் கடுமையானது. என் நிரலைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவர், தம் வீட்டில் உட்கார்ந்து தம் சொந்த மூளையால் அதே வழிமுறையைக் கண்டு எழுதினாலும், என்னிடம் காப்புரிமை இருந்தால் அது காலாவதியாகும் வரை, அதாவது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை, நான் அவரைத் தடுக்கலாம். திருடாதவனையும் தடுக்கும் உரிமை அது. அதனால்தான் அதைக் கொடுப்பதற்கு முன் ஆராய்ச்சியும், அதைக் காட்டி ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுப்பதற்கு முன் தயக்கமும் வேண்டும் என்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்தே ஓர் உதாரணம். பன்னி சாவ் என்பது டர்பனின் பண்டம். ரொட்டியின் நடுப்பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் பீன்ஸ் கறியையோ ஆட்டுக்கறியையோ ஊற்றி, தோண்டிய துண்டையே மேலே வைத்துக் கொடுப்பார்கள். இதைக் காப்புரிமை விண்ணப்பத்தின் மொழியில் எழுதிப் பாருங்கள்: உண்ணத்தக்க பொருளால் ஆன, ஒருபுறம் திறந்த, உட்குழிவுடைய கொள்கலன், அதனுள் குழம்புநிலை உணவு இடப்பட்டு, கொள்கலனிலிருந்து அகற்றப்பட்ட பகுதியே மூடியாகச் செயல்படும் அமைப்பு. படிப்பவருக்கு ஏதோ புதிய கருவி என்றே தோன்றும். மதிய வேளையில் வரிசையில் நின்று 'குவாட்டர் மட்டன்' என்று கேட்டு வாங்கும் ரொட்டி யாருக்கும் நினைவுக்கு வராது. நான் படித்துப் பார்த்த மென்பொருள் காப்புரிமைகளில் பலவும் இந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் நம் நாடு உண்மையிலேயே ஓர் உணவுக் கொள்கலனைக் கொண்ட விண்ணப்பத்துக்குக் காப்புரிமை வழங்கி உலகச் செய்தியில் இடம்பிடித்தது. கொள்கலனுக்காக அல்ல, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு அமைப்பின் பெயர் இருந்ததற்காக. அந்த அமைப்பை உருவாக்கிய ஸ்டீஃபன் தேலர் இதே விண்ணப்பத்தைப் பல நாடுகளில் கொடுத்திருந்தார். பிரிட்டன், அமெரிக்கா, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஆகிய மூன்றும், கண்டுபிடித்தவர் மனிதராக இருக்க வேண்டும் என்று சொல்லி மறுத்தன. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் அந்த மறுப்பை உறுதி செய்தது. நம் காப்புரிமை அலுவலகம் இருக்கும் பிரிட்டோரியாவில் மட்டும் விண்ணப்பம் தடையின்றி உள்ளே போனது. ஆழ்ந்து யோசித்து எடுத்த முற்போக்கு முடிவு என்று அதைச் சிலர் பாராட்டியபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. படிவம் ஒழுங்காக இருக்கிறதா, கட்டணம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யும் முறை நம்முடையது. கண்டுபிடிப்பு புதியதா, அந்தத் துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா என்ற கேள்விகளை அங்கே யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும், நம் 1978-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் கணினி நிரலை வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. கணித முறை, மனத்தால் செய்யும் செயலுக்கான திட்டம், விளையாட்டு விதி, வணிகம் செய்யும் முறை ஆகியவற்றோடு அதுவும் கண்டுபிடிப்பு அல்லாதவற்றின் வரிசையில் நிற்கிறது. ஆனால் அடுத்த உட்பிரிவு, அவற்றை அவையாகவே கோரும் அளவுக்குத்தான் இந்த விலக்கு என்று ஒரு வாலையும் சேர்த்திருக்கிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாம் உள்ளே வருகிறது. நிரல் என்று எழுதாமல், செயலியும் நினைவகமும் கொண்ட அமைப்பு என்று எழுதினால் போதும். அது வெறும் நிரலா, அதற்கு மேல் ஏதேனுமா என்பதை யாராவது ஆராய்ந்துதான் சொல்ல முடியும்; பதியும்போது ஆராய ஆளில்லை என்பதால், வழக்கு என்று வந்த பிறகு காப்புரிமை ஆணையராக அமரும் உயர் நீதிமன்ற நீதிபதிதான் முதன்முதலாக அதைப் பார்க்கிறார். ஆக, மென்பொருள் காப்புரிமைக்கு நம் நாட்டில் முதல் தேர்வே நீதிமன்றத்தில்தான் நடக்கிறது; தேர்வுக் கட்டணம் கட்டுவதோ பிரதிவாதி.

இனி என் மேசைமேல் உள்ள கடிதத்துக்கு வருகிறேன். இங்குள்ள ஒரு கோவில் சங்கத்துக்காக நான் 2014-இல் எழுதிய சிறு நிரல் ஒன்று உண்டு. தைப்பூசத்துக்கு முன்பாகக் காவடி எடுப்பவர்கள், பால்குடம் எடுப்பவர்கள், சமையலுக்கு உதவுபவர்கள் என்று உறுப்பினர்களைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் வேறு வேறு நாளில் அது குறுஞ்செய்தி அனுப்பும். பதில் போடாதவர்களுக்கு மூன்று நாள் கழித்து மறுபடி அனுப்பும். இதற்காகச் சங்கம் எனக்கு ஆண்டுக்கு 6,000 ரேண்ட் கொடுக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சார்பில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம் எனக்கும் சங்கத்துக்கும் அனுப்பிய கடிதம், நிகழ்வோடு உள்ள தொடர்பின் அடிப்படையில் பெறுநர்களை வகைப்படுத்தி, வகைக்கேற்ற காலத்தில் மின்னணுச் செய்தி அனுப்பி, மறுமொழி வராதவிடத்து முன்குறித்த இடைவெளியில் மறுசெய்தி அனுப்பும் முறையும் அமைப்பும் தங்கள் கட்சிக்காரருக்கு உரியவை என்றும், 21 நாளுக்குள் ஆண்டுக்கு 18,000 ரேண்டுக்கு உரிமம் பெறாவிட்டால் வழக்குத் தொடுக்கப்படும் என்றும் சொன்னது. என் நிரலின் எந்தப் பகுதி, காப்புரிமையின் எந்தக் கோரிக்கையை, அதாவது தமக்கே உரியது என்று அதில் வரையறுத்து எழுதிய எந்தப் பகுதியை, மீறுகிறது என்று ஒரு வரி அதில் இல்லை.

அந்த வாசகத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது, சங்கத்தின் காலஞ்சென்ற செயலாளர் ஐயா வைத்திருந்த நீளமான கணக்கு நோட்டு. சிவப்புப் பென்சில் கோடு போட்ட பெயர் காவடி. நீலக் கோடு பால்குடம். கோடு இல்லாதவை அடுப்படி. காவடிக்காரர்கள் விரதம் தொடங்க வேண்டும் என்பதால் அவர்களை முதலில் தொலைபேசியில் கூப்பிடுவார், மற்றவர்களைப் பிறகு. எடுக்காதவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி. மூன்றாம் நாள் சாயங்காலம் புள்ளி வைத்த பெயர்களை மட்டும் மறுபடி கூப்பிடுவார். அந்த நோட்டில் 1980-களின் ஆண்டுகள் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. நான் செய்ததெல்லாம் அவருடைய விரலுக்குப் பதில் கணினியை வைத்ததுதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு காப்புரிமைச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் போனோம். எழுத்தில் கருத்துரை கொடுக்கவே கேட்ட தொகையைவிடக் கூடுதலாகும் என்று அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார். வழக்கென்று போனால் ஆகும் செலவை அவர் ஊகித்துச் சொன்னபோது சங்கத் தலைவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு 18,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று விளங்கியது. அது கண்டுபிடிப்புக்குப் போட்ட விலை அன்று. எதிர்த்து நிற்க ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதற்குச் சற்றுக் கீழே போட்ட விலை. சட்டத்தில் எங்களுக்கும் வழிகள் இல்லாமல் இல்லை. எந்தக் காப்புரிமையையும் ரத்துசெய்யக் கோரி எவரும் விண்ணப்பிக்கலாம். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக நிவாரணம் கேட்கலாம். வெளிநாட்டு வாதியிடம் செலவுக்குப் பிணையம் கேட்கலாம். வென்றால் பெரும்பாலும் தோற்றவர் செலவு கொடுக்க வேண்டும். அத்தனையும் உண்மை. ஆனால் வெல்லும் நாள் வரை பணம் போடுவது யார்?

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. விண்ணப்பங்களை ஆராய்ந்து பார்க்கும் அமெரிக்காவிலேயே, எம்பிஎச்ஜே என்ற நிறுவனம், காகிதத்தை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பும் வேலை தன் காப்புரிமைக்கு உட்பட்டது என்று ஆயிரக்கணக்கான சிறு அலுவலகங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஓர் ஊழியருக்குச் சுமார் 1,000 டாலர் உரிமத் தொகை கேட்டது. கொடுக்காதவர்மீது உடனே வழக்கு என்றது. வெர்மான்ட் மாநிலம் 2013-இல் அதன்மீது வழக்குப் போட்டது. அமெரிக்காவின் நடுவண் வர்த்தக ஆணையம் 2014 நவம்பரில், வழக்குத் தொடுக்கும் ஆயத்தமே இல்லாமல் வழக்கு வரும் என்று எழுதியது ஏமாற்று என்ற அடிப்படையில் அதை ஓர் உடன்பாட்டுக்குள் கட்டிப்போட்டது. ஒரு பதிவேட்டு எண்ணை வைத்துக்கொண்டு அஞ்சல்தலைச் செலவில் நடத்திய வியாபாரம் அது.

பெரியவர்களும் இந்தக் கணக்குக்குப் பணிந்திருக்கிறார்கள். இணையக் கடையில் 'கூடை' என்று நாம் அழுத்துகிறோமே, அதன்மீது சோவரின் என்ற நிறுவனம் விலைக்கு வாங்கிய காப்புரிமைகளைக் காட்டி வழக்குப் போட்டபோது, அமேசான் 2005-இல் 4 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. (ஒரே அழுத்தில் வாங்கும் வசதிக்கு 1999 செப்டம்பரில் காப்புரிமை கிடைத்த அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற புத்தகக் கடைமீது வழக்குப் போட்ட அதே அமேசான்தான்.) நியூஎக் என்ற இன்னொரு கடை கொடுக்க மறுத்துப் போராடியது, கீழ் நீதிமன்றத்தில் தோற்றது, மேல்முறையீட்டில் 2013 ஜனவரியில், அந்தக் கோரிக்கைகள் முன்பே இருந்த நுட்பத்திலிருந்து எளிதில் தோன்றக்கூடியவை, செல்லாதவை என்று தீர்ப்பு வாங்கியது. அப்படியானால் அந்த 4 கோடி டாலர் எந்த உரிமைக்கான விலை? சட்டம் கொடுத்த உரிமை என்று எழுதிய கட்டுரையாளர் இதற்கு ஒரு பெயர் சொன்னால் நன்றாக இருக்கும்.

வழக்குத் தொடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1993-இல் மைக்ரோசாஃப்ட் தன் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்தின் 6-ஆம் பதிப்பில், வட்டில் உள்ள தரவைச் சுருக்கி இடத்தைப் பெருக்கும் வசதியைச் சேர்த்தது. ஸ்டாக் என்ற சிறு நிறுவனம் அதே வேலைக்கான பொருளைச் சந்தையில் விற்று வந்தது. உரிமம் பற்றி இரு தரப்பும் பேசி, பேச்சு முறிந்திருந்தது. 1994 பிப்ரவரியில் ஜூரி ஸ்டாக்குக்கு 12 கோடி டாலர் இழப்பீடு என்றது. மைக்ரோசாஃப்ட் தொடுத்த எதிர்வழக்கில் அதற்கும் ஒரு தொகை கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு நெருடவில்லை. வாதி ஒரு பொருளைச் செய்து விற்றவர். பிரதிவாதி அதை அறிந்தவர். எதிர்த்து வாதாடும் வலிமை பிரதிவாதிக்குத் தாராளமாக இருந்தது.

நம் நாட்டிலும் எளியவர் பெரியவரை நீதிமன்றத்துக்கு இழுத்த கதை எல்லோருக்கும் தெரியும். 'ப்ளீஸ் கால் மீ' (என்னை அழையுங்கள்) என்ற குறுஞ்செய்தி யோசனையை 2000-இல் தம் மேலதிகாரிகளிடம் கொடுத்த, வோடகாம் என்ற கைபேசி நிறுவனத்தின் ஊழியர் ங்கோசானா மகாடே, அதற்குப் பணம் தருவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் கோரிப் பல ஆண்டுகள் போராடி, 2016 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றார். அவர் காப்புரிமையை வைத்து வெல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேலதிகாரி வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்பதுதான் தீர்ப்பு. சிறியவரின் மூளை உழைப்பைக் காக்க மென்பொருள் காப்புரிமையை விட்டால் வேறு கதியில்லை என்று கட்டுரையில் வரும் வரியை இந்த ஒரு வழக்கே ஆட்டங்காணச் செய்கிறது.

சட்டத்தில் இருப்பதைக் கேட்டால் அதில் அறக் கேள்வி எழாது என்பதும் நம் நாட்டுக்குப் பழைய பாடம். மலிவு விலையில் மருந்து கிடைக்க வழிசெய்யும் சட்டத்திருத்தத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் நம் அரசின்மீது வழக்குப் போட்டன. எய்ட்ஸ் நோயால் மக்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. 2001 ஏப்ரலில் அவர்களே வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். எந்த நீதிபதியும் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியிருக்கவில்லை. உலகத்தின் முன் நிற்கக் கூசியதால் திரும்பப் பெற்றார்கள். மருந்தையும் குறுஞ்செய்தியையும் நான் ஒன்றாக்கவில்லை. வழக்கைத் தொடுப்பவரின் தோளிலும் ஒரு பொறுப்பு உண்டு என்பதை நம் மக்கள் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அந்தப் பொறுப்பு என்ன என்பதை என் மேசைக் கடிதத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். எனக்கு மிரட்டல் அனுப்பியவரின் அதே விண்ணப்பம் அங்கே என்ன ஆயிற்று என்று ஓர் இரவு தேடினேன். ஆய்வாளர் அது புதியதன்று என்று எழுதி, பழைய ஆவணங்கள் மூன்றைச் சுட்டிக்காட்டியிருந்தார். விண்ணப்பதாரர் பதில் எழுதாமல் விண்ணப்பத்தைக் கைவிட்டிருந்தார். அங்கே கைவிட்ட அதே கோரிக்கைகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், யாரும் ஆராயாத எங்கள் நாட்டில் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைக் காட்டிக் கோவில் சங்கத்திடம் பணம் கேட்கிறார். தம் உரிமை ஓட்டை என்று அவருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும். கட்டுரையாளர் தேடிய அறக் கேள்வி இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. ஆராயாத நாட்டில் காப்புரிமை வைத்திருப்பவர், வழக்கு என்ற சொல்லை எடுப்பதற்கு முன் அந்த ஆராய்ச்சியைத் தாமே செய்திருக்க வேண்டும். பிற நாட்டு அலுவலகங்கள் அதே விண்ணப்பத்தைப் பற்றி எழுதியவற்றை மறைக்காமல் கடிதத்தோடு இணைக்க வேண்டும். எந்தக் கோரிக்கையை எதிராளியின் எந்தச் செயல் மீறுகிறது என்று எழுத வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவர் கேட்பதை உரிமை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அவர் கையில் பதிவு எண் இருந்தாலும்.

அரசின் பங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சரவை 2018-இல் ஏற்ற அறிவுசார் சொத்துக் கொள்கையே, விண்ணப்பங்களை உள்ளடக்கம் வரை ஆராயும் முறைக்கு மாற வேண்டும் என்கிறது. எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் ஆராய ஆளும் பணமும் இல்லை என்பது புரிகிறது. ஆனால் வரிசை போடும்போது மென்பொருளைக் கடைசியில் தள்ளிவிடக் கூடாது. குறைந்தபட்சம், உள்ளடக்கம் ஆராயப்படாதது என்ற ஒரு வரியைச் சான்றிதழின் முகப்பிலேயே அச்சிட்டால் என் போன்றவர்களின் பாதி பயம் போய்விடும்.

நாங்கள் பணம் கட்டவில்லை. மேற்சொன்ன மூன்றையும் கேட்டுப் பதில் எழுதினோம்; ஐரோப்பிய ஆய்வாளரின் குறிப்பையும் இணைத்தோம். ஐந்து வாரம் கழித்து இரண்டாம் கடிதம் வந்தது. எங்கள் கேள்வி ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. தொகை மட்டும் 9,000 ரேண்டாகக் குறைந்திருந்தது. செயலாளர் ஐயாவின் வீட்டம்மா நோட்டைத் தேடிக் கொடுத்தார். அதன் பக்கங்களைப் படியெடுத்து, சாட்ஸ்வர்த் காவல் நிலையத்தில் உண்மைப் படி என்று சான்றொப்பம் வாங்கி வைத்திருக்கிறோம். ஆனால் பெட்டிக்குள் இருந்த நோட்டு பொதுமக்கள் அறிந்தது என்று ஆகாது. அச்சிட்டு வெளியே கொடுத்த ஏதாவது இருந்தால் அது வலுவான சான்று என்று வழக்கறிஞர் சொன்னார். சங்கம் அந்நாளில் ஆண்டுக் கூட்டத்துக்கு வருபவர்களுக்கெல்லாம் ஆண்டறிக்கை அச்சிட்டுக் கொடுத்தது. கோடு, புள்ளி, மூன்றாம் நாள் அழைப்பு என்ற ஏற்பாட்டைச் செயலாளர் ஐயா அதில் பெருமையோடு விவரித்திருந்ததாக மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். 1988-ஆம் ஆண்டு அறிக்கை ஒரு படி, கடைசி இரண்டு தாள் கிழிந்த நிலையில் கிடைத்திருக்கிறது. நாங்கள் தேடும் பகுதி அந்தத் தாள்களில்தான் இருந்திருக்க வேண்டும். சாட்ஸ்வர்த், மியர்பேங்க், வெருலம் பகுதிகளில் தங்கள் இதழைப் படிப்பவர்கள், தங்கள் பெற்றோர் விட்டுச்சென்ற காகிதக் கட்டுகளைத் தூக்கி எறிவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மஞ்சள் அட்டை, முகப்பில் வேல், 16 பக்கம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
சாட்ஸ்வர்த், டர்பன்